பெட்டிக்குள் உறங்கும் விளையாட்டுகள்

மழை பெய்யும் ஒரு விடுமுறை மாலை. மின்சாரமும் இல்லை. "வாருங்கள், தாயம் ஆடலாம்" என்று பாட்டி அழைக்கிறார். பலகை கிடைக்கிறது, தாயக்கட்டைகளைக் காணோம். சரி, கேரம் ஆடலாமென்றால் பலகை கட்டிலுக்கு அடியிலும் காய்கள் மூன்று வெவ்வேறு டப்பாக்களிலும் கிடக்கின்றன. தேடி முடிப்பதற்குள் விளையாடும் ஆசையே போய்விடுகிறது. ஆளுக்கொரு மூலைக்குச் சென்றுவிடுகிறோம். நம்மில் பலருடைய வீடுகளில் நடப்பது இதுதான் அன்றோ?

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள், தம் மடத்துச் சகோதரிகளுக்கு எழுதிய நூலொன்றில் சதுரங்கத்தை உவமையாகக் கூறுகிறார். காய்களை அடுக்கத் தெரியாதவரால் நன்றாக ஆட முடியாது என்பது அவர் கருத்து. செபத்தைப் பற்றி அவர் சொன்னது வீட்டு அலமாரிக்கும் பொருந்தும். ஆகவே, விளையாட்டுப் பொருள்களை ஒழுங்கு செய்யும் முறையைக் காண்போம்.

முதலில், வீட்டிலுள்ள எல்லா விளையாட்டுகளையும் ஒரே நாளில் வெளியே எடுத்துப் பாய் விரித்துப் பரப்ப வேண்டும். சிறிது சிறிதாகச் செய்தால், ஒரு பெட்டியின் காய் மற்றொரு பெட்டியில் இருப்பது தெரியாமலே போகும்.

அடுத்து எண்ண வேண்டும். சதுரங்கத்திற்கு 32 காய்கள். கேரமுக்கு வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1, அவற்றோடு ஸ்டிரைக்கர். லூடோவுக்கு நான்கு நிறங்களில் 16 காய்களும் ஒரு பகடையும். ஆடு புலி ஆட்டத்திற்குப் பொதுவாக 3 புலிகள், 15 ஆடுகள். பல்லாங்குழியில் குழிகள் 14. குழிக்கு ஐந்து என்று ஆடும் வீட்டில் 70 விதைகள் வேண்டும், ஆறு என்றால் 84. ஆங்கில ஸ்கிராபிளில் எழுத்துக் கட்டைகள் 100.

எண்ணிய பின் மூன்றாகப் பிரிக்கலாம்: முழுமையாக உள்ளவை, சரிசெய்யக் கூடியவை, இனி உதவாதவை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வைத்து ஆடும் காய் தொலைந்தால், அதற்குப் பதிலாகச் சட்டைப் பொத்தானோ புளியங்கொட்டையோ போதும். லூடோவும் ஆடு புலி ஆட்டமும் இவ்வகை. பைக்குள் கைவிட்டு எடுக்கும் ஸ்கிராபிள் கட்டைக்கு அட்டைத் துண்டு உதவாது. தொட்டவுடனே கை கண்டுகொள்ளும். கேரம் காயும் அப்படியே. எடையும் கனமும் ஒத்திருக்க வேண்டுமாதலால் ஒத்த காயைத்தான் வாங்க வேண்டும்.

பல்லாங்குழிக்குச் சிலர் குன்றிமணியைப் பயன்படுத்துவர். பார்க்க அழகானது, ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் உள்ளது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதை அகற்றிவிட்டுப் புளியங்கொட்டையோ சோழியோ வைப்பதே நன்று. அவையும் சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கக் கூடியவை. ஆதலால் எல்லாச் சிறு காய்களையும், கேரமுக்குப் போடும் போரிக் பவுடரையும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

சேமித்து வைக்க விலையுயர்ந்த பெட்டிகள் தேவையில்லை. பழைய பாவாடைத் துணியில் நாடா கோத்த சிறு பைகளைத் தைத்து, ஒவ்வொரு விளையாட்டின் காய்களையும் தனித்தனியே போடலாம். பெட்டி மூடியின் உட்புறத்தில் காய்களின் எண்ணிக்கையை எழுதி ஒட்டிவிட்டால், ஆட்டம் முடிந்ததும் எண்ணி வைப்பது எளிது. அட்டைப் பலகைகளை ஈரமில்லாத தட்டில் படுக்கையாக வைக்கலாம். கேரம் பலகையைச் சுவரில் சாய்த்தே வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும். சமதளத்தில் கிடத்துவது நல்லது.

இனி நமக்குத் தேவைப்படாதவற்றை என்ன செய்வது? சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி, எங்கள் வீட்டுச் சதுரங்கப் பெட்டியை ஓர் இல்லத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். ஆர்வத்தோடு காய்களை அடுக்கிய சிறுமி ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "அக்கா, ஒரு ராணி இல்லையே" என்றாள். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. எங்களுக்கு உதவாததைத் தள்ளிவிட்டு, தர்மம் செய்தோம் என்ற மகிழ்ச்சியோடு வந்திருந்தோம்! புனித தெரேசம்மாள் ராணிக் காயைத் தாழ்ச்சிக்கு ஒப்பிட்டார் என்பதைப் பின்னாளில் படித்தபோது, அன்று எங்களிடம் எது குறைவாக இருந்தது என்று புரிந்தது.

அடுத்த வாரமே ஒரு முழுப் பெட்டி வாங்கிக்கொண்டு அங்கே சென்றோம். அந்தச் சிறுமி என்னை இரண்டு ஆட்டங்களில் வென்றாள்.

ஆகவே தோழியரே, கொடுப்பதானால் எண்ணிப் பார்த்து, துடைத்து, முழுமையாகக் கொடுப்போம். பாட்டியின் பல்லாங்குழியை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைப்போம். வரும் விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். அன்று மாலையே வீட்டார் அனைவரும் பாயில் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடினால், உழைப்பின் பயன் உடனே கிடைத்துவிடும்.