குளிர் நாட்டு இல்லமும் வெந்நீர்க் குழாயும்

மார்கழிப் பனிக்கே போர்வை தேடும் நமக்கு, வீடு முழுவதையும் சூடாக்கி வாழ்வது விந்தையாகத் தோன்றும். பிரித்தானியாவின் பெரும்பாலான இல்லங்களில் அப்பணியைச் செய்வது வெந்நீரே. எரிவாயுக் கொதிகலன் நீரைக் காய்ச்சுகிறது. மின்பம்பி அந்நீரை அறைதோறும் உள்ள ‘ரேடியேற்றர்’ எனும் உருக்குத் தகடுகளுக்குச் செலுத்துகிறது. வெப்பத்தை ஈந்து ஆறிய நீர் மீண்டும் கொதிகலனை அடைகிறது.

இவ்வோட்டத்தின் குறையைக் கையால் தொட்டே அறியலாம். தகட்டின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருப்பின் உள்ளே காற்று அடைபட்டுள்ளது. கொதிகலனை நிறுத்தி, நீர் ஆறியபின், மேல் மூலையிலுள்ள சிறு திருகை அதற்குரிய திறப்பினால் மெல்லத் தளர்த்த வேண்டும். ‘உஸ்’ என்று காற்று வெளியேறி நீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிடலாம். கீழ்ப்பகுதி குளிர்ந்திருப்பின் துரு மண்டியாகப் படிந்துள்ளது. அதனைக் கழுவி அகற்றுதல் தொழிலறிந்தோர் வேலை.

இவை சிறு குறைகளே. உயிருக்கு உலைவைக்கும் குறை வேறொன்றுண்டு. எரிவாயு நிறைவாக எரியாவிடில் காபனோரொட்சைட்டு எனும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. நீலச் சுவாலை மஞ்சளாதல், கரி படிதல், வீட்டிலுள்ளோர்க்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றுதல் ஆகியன அதன் அறிகுறிகள். உடனே கொதிகலனை நிறுத்தி, சாளரங்களைத் திறந்து, யாவரும் வெளியேறுதலே முதற் கடமை. 2009 முதல் ‘காஸ் சேவ்’ பதிவேட்டில் இடம்பெற்றோரே அங்கு எரிவாயுக் கருவிகளைத் திருத்தலாம்.

அந்நாட்டில் வாழும் பிள்ளைகளிடம் சுகம் விசாரிக்கும் பெற்றோர், “போர்வை போதுமா?” என்பதோடு, “நச்சுவாயுவை அறிவிக்கும் கருவி வீட்டில் உண்டா?” என்றும் கேட்பார்களாக.