வயதோடு அகலும் பெருந்தமனி

நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க எங்கள் விஜயபுரம் கிளைக்கு வரும் ஓய்வூதியர்கள் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிப் பேசுவர். வயிற்றுப் பெருந்தமனியைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

இதயத்திலிருந்து இறங்கித் தொப்புள் அருகே இரண்டாகப் பிரியும் இரத்தக்குழாய் அது. வளர்ந்தவர்க்கு அதன் விட்டம் ஏறத்தாழ 2 செ.மீ.; ஆண்களுக்குச் சற்றே கூடுதல். அதன் சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் என்னும் புரதத்தை வளர்ச்சிப் பருவத்திற்குப் பின் உடல் பெரும்பாலும் புதிதாக ஆக்குவதில்லை. எனவே, ஓயாத துடிப்பைத் தாங்கிய சுவர் தளர்ந்து, வயது ஏற ஏறக் குழாய் சிறிது அகலுகிறது. இது இயல்பே. ஆனால் 3 செ.மீ. எட்டினால் அது வீக்கம், ஆண்களுக்கு 5.5 செ.மீ. எட்டினால் அறுவைச் சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார். பெரும்பாலும் வலி இராது என்பதே இதிலுள்ள சூழ்ச்சி.

புகைக்குழாய்ப் பிரியரான ஐன்ஸ்டீனுக்கும் இவ்வீக்கம் இருந்தது. 1948இல் மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன் அதனைச் செலோஃபேன் தாளால் சுற்றி வைத்தார். 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது, மீண்டும் அறுவைக்கு உடன்படாமல் 76ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இன்று சில நிமிட ஸ்கேன் போதும்; ஊசியும் இல்லை. 65 வயதைக் கடந்த, என்றேனும் புகைத்த ஆண்கள் ஒருமுறை மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். அதற்காகச் சென்னை செல்ல வேண்டியதில்லை. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது.