நட்பு நாடுகள் - 11: சினூக்கும் தடுப்பூசியும்

சென்ற வாரம் 1990-ல் நிறுத்தியிருந்தோம். பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று சான்று எழுதிக் கொடுக்க அமெரிக்க அதிபர் சீனியர் புஷ் மறுத்துவிட்டார். பிரஸ்லர் திருத்தச் சட்டப்படி அந்தச் சான்று இல்லாவிட்டால் உதவி கிடையாது. பணம் கட்டி வாங்கிய 28 எஃப்-16 விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் நின்றுவிட்டன. எட்டு வருட இழுபறிக்குப் பிறகு 1998 டிசம்பரில் கணக்கைத் தீர்த்தார்கள். அப்போதும் முழுத் தொகையும் ரொக்கமாக வரவில்லை. ஒரு பகுதிக்குக் கோதுமை முதலான பண்டங்கள் வந்தன. போர் விமானத்துக்குப் பணம் கட்டிவிட்டுக் கோதுமை வாங்கிய கதையை ராவல்பிண்டி ராணுவத் தலைமையகம் லேசில் மறக்குமா?

அந்தத் தலைமையகத்தின் தயவுதான் 2001 செப்டம்பரில் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது.

இரட்டைக் கோபுரம் விழுந்த அன்று பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ.யின் தலைவர் மஹ்மூத் அகமது வாஷிங்டனிலேயே இருந்தார். வேறு வேலையாகப் போனவர். அமெரிக்க வெளியுறவுத் துணை அமைச்சர் ரிச்சர்ட் ஆர்மிடேஜ் அடுத்த இரண்டு நாளும் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். ஏழு கோரிக்கைகள். அல் காய்தாக்காரர்களை எல்லையில் தடுக்க வேண்டும், வான்வழியைத் திறந்துவிட வேண்டும், தளங்கள் வேண்டும், உளவுத் தகவல் வேண்டும், தேவைப்பட்டால் தாலிபான்களோடு உறவை முறிக்க வேண்டும் என்று போகிறது பட்டியல். பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் தலையாட்டினார். ஒத்துழைக்காவிட்டால் பாகிஸ்தானைக் கற்காலத்துக்கே அனுப்பும் அளவுக்குக் குண்டு போடுவோம் என்று ஆர்மிடேஜ் மிரட்டியதாக 2006-ல் தன் சுயசரிதையில் எழுதினார். அப்படியொரு வார்த்தையைச் சொல்லவே இல்லை என்று ஆர்மிடேஜ் மறுத்தார். யார் சொல்வது நிஜமோ, பலன் உடனே தெரிந்தது. பொருளாதாரத் தடைகள் ஒவ்வொன்றாக விலகின. 2004-ல் ‘நேட்டோவுக்கு வெளியே உள்ள முக்கிய நட்பு நாடு’ என்ற அந்தஸ்தும் கிடைத்தது.

பணம் இரண்டு வழிகளில் வந்தது. இந்த உறவின் ஜாதகமே அந்த இரண்டு வழிகளில்தான் இருக்கிறது.

முதல் வழிக்குப் பெயர் கூட்டணி ஆதரவு நிதி. இதைக் கடன் என்றோ நன்கொடை என்றோ சொல்ல முடியாது. எல்லைப் பகுதியில் படையை நிறுத்துகிறோம், பெட்ரோல் செலவு, தோட்டாச் செலவு, சாப்பாட்டுச் செலவு இவ்வளவு என்று பாகிஸ்தான் ராணுவம் பில் அனுப்பும். இஸ்லாமாபாத்திலுள்ள அமெரிக்கத் தூதரகம் பார்த்து அனுப்பிவைக்க, பென்டகன் பணம் கொடுக்கும். 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இந்த பில்களைப் புரட்டியது. அதுவரை ஏறத்தாழ 556 கோடி டாலர் போயிருந்தது. சாலை போட்டதாக 3 கோடி டாலர், பதுங்கு குழி கட்டியதாக ஒன்றரைக் கோடி டாலர் கணக்கில் இருக்கின்றன. சாலையும் பதுங்கு குழியும் கட்டப்பட்டதற்குச் சான்று இல்லை. வான் பாதுகாப்பு ரேடார்களுக்கு 20 கோடி டாலர் கொடுக்கப்பட்டிருந்தது. அல் காய்தாவிடம் எந்தக் காலத்தில் விமானப் படை இருந்தது? அந்த ரேடார்கள் எந்தத் திசையைப் பார்த்திருக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது வழி பள்ளிக்கூடம், மருத்துவமனை, மின்சாரம். அதற்கு வருமுன் ஒரு நிலநடுக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

2005 அக்டோபர் 8. காஷ்மீரின் பாகிஸ்தான் வசமுள்ள பகுதியும் அதை ஒட்டிய மலை மாவட்டங்களும் தரைமட்டமாயின. இறந்தவர்கள் 70,000-க்கும் மேல். பனிக்காலம் நெருங்குகிறது, மலைச்சாலைகள் சரிந்து கிடக்கின்றன. அப்போது ஆப்கானிஸ்தான் போரில் இருந்த சினூக் ஹெலிகாப்டர்களை அமெரிக்கா திருப்பிவிட்டது. இரட்டைச் சுழல்விசிறி வைத்த அந்தப் பெரிய ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் கூடாரமும் மாவு மூட்டையும் இறக்கின, காயம்பட்டவர்களை ஏற்றிவந்தன. முஸாஃபராபாதில் அமெரிக்க ராணுவம் ஒரு நடமாடும் அறுவைச்சிகிச்சை மருத்துவமனையை நிறுத்தியது. கிளம்பும்போது அதை அப்படியே பாகிஸ்தானிடம் கொடுத்துவிட்டது. கடைகளில் பொம்மை சினூக் விற்றது என்று பத்திரிகைகள் எழுதின.

நான்கு வருடம் கழித்து தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அங்கே ஓர் ஆய்வு செய்தார்கள். நிலப்பிளவுக் கோட்டுக்கு அருகிலிருந்த கிராமங்களில், அதாவது வெளிநாட்டு உதவி நேரில் வந்து சேர்ந்த கிராமங்களில், வெளிநாட்டவர் மீதான நம்பிக்கை தள்ளியிருந்த கிராமங்களைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. ட்ரோன் தாக்குதல்கள் தொடங்கி நடந்துகொண்டிருந்த காலம் அது. அப்படியும் அந்த நம்பிக்கை கரையவில்லை. நிலநடுக்க உதவிக்கு யாரும் நிபந்தனை விதிக்கவில்லை, பதிலுக்கு எந்த ஊரின் பெயரையும் கேட்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

2009 அக்டோபர் 15 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தை கெர்ரி - லூகர் - பெர்மன் சட்டம் என்பார்கள். ஆண்டுக்கு 150 கோடி டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு 750 கோடி டாலர். எல்லாமே ராணுவம் சாராத உதவி. ராணுவத்தோடு மட்டும் கைகுலுக்கிக்கொண்டிருந்தால் போதாது, மக்களிடம் போக வேண்டும் என்பது இதன் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் கூடவே ஆயுத உதவிக்குச் சில நிபந்தனைகளையும் சேர்த்திருந்தார்கள். பயங்கரவாத அமைப்புகளின் தளங்களை மூட வேண்டும் என்ற இடத்தில் குவெட்டாவையும் முரித்கேயையும் ஊர்ப் பெயரோடு எழுதினார்கள். முன்னது ஆப்கன் தாலிபான் தலைமை பதுங்கியிருந்ததாகச் சொல்லப்பட்ட ஊர், பின்னது லஷ்கர்-ஏ-தொய்பாவின் தலைமையிடம். போதாக்குறைக்கு, ராணுவத்தின் பட்ஜெட்டிலும் பதவி உயர்விலும் மக்களாட்சி அரசுக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அறிக்கை தர வேண்டுமாம்.

சட்டம் கையெழுத்தாவதற்கு ஒரு வாரம் முன்பே ராவல்பிண்டியில் கோர் கமாண்டர்கள் கூடித் தங்கள் ‘கவலையை’ அறிக்கையாக வெளியிட்டார்கள். தொலைக்காட்சிகள் கொதித்தன. வெளியுறவு அமைச்சர் ஷா மஹ்மூத் குரேஷி அவசரமாக வாஷிங்டனுக்கு விமானம் ஏறினார். பாகிஸ்தானின் இறையாண்மையில் கைவைக்கும் எண்ணம் இல்லை என்று கெர்ரியும் பெர்மனும் ஒரு விளக்க அறிக்கை எழுதித் தர வேண்டியதாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நிபந்தனைகள் துப்பாக்கிக்குத்தான், பள்ளிக்கூடத்துக்கு இல்லை. ஆனால் கெட்ட பெயர் வந்தது பள்ளிக்கூடப் பணத்துக்கு. ராணுவம் பில் போட்டு வாங்கிய பணத்தைப் பற்றி அந்தத் தொலைக்காட்சிகளில் அதே கொதிப்பு இருந்ததா என்ன?

அந்த 750 கோடியில் உருப்படியான வேலைகள் நடக்காமல் இல்லை. தெற்கு வஜீரிஸ்தானின் கோமல் ஸாம் அணையைச் சொல்லலாம். அங்கே வேலை செய்த சீனப் பொறியாளர்கள் இருவரை 2004-ல் அப்துல்லா மெஹ்சூத் கடத்தினார். குவான்டனாமோ சிறையிலிருந்து அமெரிக்கா அவரை விடுவித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. மீட்பு நடவடிக்கையில் ஒரு பொறியாளர் இறந்தார், சீன நிறுவனம் மூட்டை கட்டியது. பிறகு பாகிஸ்தான் ராணுவத்தின் கட்டுமானப் பிரிவான எஃப்.டபிள்யூ.ஓ. வேலையை எடுத்துக்கொள்ள, முடிப்பதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட். அணை இன்றும் நிற்கிறது. 17 மெகாவாட் மின்சாரம், டேங்க், தேரா இஸ்மாயில் கான் மாவட்டங்களின் வறண்ட நிலத்துக்கு வாய்க்கால் தண்ணீர். தார்பேலா அணையின் பழைய மின் இயந்திரங்களைப் பழுது பார்த்ததும் இதே பணம்தான். ஆனால் கராச்சியில் மின்வெட்டில் வியர்த்துக்கொண்டிருந்த மனிதருக்குப் பழுது பார்த்த டர்பைன் எங்கே கண்ணில் படப்போகிறது?

இப்படி மெல்ல நகர்ந்துகொண்டிருந்த வண்டியை 2011 கவிழ்த்துப்போட்டது. ஜனவரியில் லாகூர் சாலையில் ரேமண்ட் டேவிஸ் என்ற சி.ஐ.ஏ. ஒப்பந்தக்காரர் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். மே மாதம் பின் லேடன் அபோட்டாபாதில் கொல்லப்பட்டார். அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ராணுவ அகாடமி. நவம்பரில் சலாலா எல்லைச்சாவடியில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் சிப்பாய்கள் இறந்தார்கள். நேட்டோ லாரிகளுக்கு ஏழு மாதம் பாதை அடைக்கப்பட்டது. ஹிலாரி கிளின்டன் வருத்தம் சொன்ன பிறகுதான் திறந்தது. இவையெல்லாம் அரசுகளுக்கு இடையிலான சண்டைகள், காலப்போக்கில் ஆறக்கூடியவை. ஆறாத ஒன்று அபோட்டாபாதிலேயே நடந்திருந்தது.

அந்த வீட்டில் இருப்பது பின் லேடன் குடும்பம்தானா என்று உறுதி செய்ய, குழந்தைகளின் மரபணு மாதிரி கிடைக்குமா என்று பார்த்தது சி.ஐ.ஏ. அதற்காக ஷகீல் அஃப்ரிதி என்ற அரசு மருத்துவரைக் கொண்டு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முகாம் ஒன்றை நடத்தியது. சந்தேகம் வராமலிருக்க முதலில் ஓர் ஏழைப் பகுதியில் தொடங்கினார்கள். இரண்டாம் தவணை போடாமலேயே பின் லேடன் வீடு இருந்த பகுதிக்கு முகாம் நகர்ந்துவிட்டது என்று அந்த ஜூலையில் செய்தி வெளியானது. மூன்று தவணை போட வேண்டிய ஊசி அது. தேடிப்போன மாதிரி கிடைத்ததாகவும் தெரியவில்லை.

போலியோ சொட்டு மருந்தில் மேற்கத்தியச் சதி இருக்கிறது என்ற வதந்தி அதற்கு முன்பே பழங்குடிப் பகுதிகளில் உலவியதுதான். ஆனால் அதுவரை அது வெறும் வதந்தி. சி.ஐ.ஏ. அதற்கு ஆதாரம் தயாரித்துக் கொடுத்தது. 2012 ஜூனில் வடக்கு வஜீரிஸ்தானில் தாலிபான் தளபதி ஹாஃபிஸ் குல் பஹாதூர், ட்ரோன் நிற்கும்வரை போலியோ மருந்து கிடையாது என்று தடை போட்டார். டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்தவர்களைக் குறிவைத்துச் சுட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். 2012-ல் 58 ஆக இருந்த போலியோ பாதிப்பு 2014-ல் 306 ஆனது. அமெரிக்காவின் பன்னிரண்டு பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர்கள் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார்கள். இனி தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று பதில் வர 2014 மே ஆகிவிட்டது.

அஃப்ரிதிக்கு 2012-ல் 33 ஆண்டுச் சிறை விதித்தார்கள். சி.ஐ.ஏ.வுக்கு உதவியதற்காக அல்ல, ஒரு தீவிரவாதக் குழுவோடு தொடர்பு என்று தீர்ப்பு. பதிலடியாக அமெரிக்க செனட் குழு பாகிஸ்தான் உதவியில் 3.3 கோடி டாலரை வெட்டியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் வீதம் 33 ஆண்டுக்கு!

பாகிஸ்தான் ராணுவத்தின் இரட்டை ஆட்டத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆப்கனில் அமெரிக்கப் படைகளைத் தாக்கிவந்த ஹக்கானி குழு ஐ.எஸ்.ஐ.யின் ஒரு கரம் போன்றது என்று அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவர் முல்லனே 2011-ல் செனட்டில் சொன்னார். அந்த ஆட்டத்தின் விலையைக் கொடுத்ததும் பாகிஸ்தான் குழந்தைகள்தான். 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் 130-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். என் தீர்ப்பு இதுதான்: வளர்ச்சி உதவியைப் பயங்கரவாத ஒழிப்பின் பக்கவாத்தியமாக வாசிக்கவிட்டதில் இரண்டுமே கெட்டன. பேரம் பேசத் தெரிந்த ராணுவத்துக்கு பில் பணம் போனது, வாக்கு வாங்கி வந்த அரசுக்குப் பழி போனது.

2018 புத்தாண்டு அன்று ட்ரம்ப், 15 ஆண்டுகளில் 3,300 கோடி டாலர் முட்டாள்தனமாகக் கொடுத்துவிட்டோம் என்று ட்வீட் போட்டார். அதில் 1,400 கோடிக்கு மேல் ராணுவ பில் பணம் என்பதை அவர் சொல்லவில்லை. பாதுகாப்பு உதவி நின்றது.

அதே ட்ரம்ப் 2025 மார்ச்சில், காபூல் விமான நிலையக் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்டவரைப் பிடித்துக் கொடுத்ததற்காக அமெரிக்க நாடாளுமன்றத்தில் பாகிஸ்தானுக்கு நன்றி சொன்னார். ஜூனில் ராணுவத் தளபதி ஆசிம் முனீரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து விருந்து வைத்தார். பிரதமர் உடன் இல்லை. ஜூலை 1 அன்று யு.எஸ்.எய்ட் அமைப்பே இழுத்து மூடப்பட்டது. ஆகஸ்டில் இஸ்லாமாபாதில் இரு நாடுகளின் பயங்கரவாத எதிர்ப்புப் பேச்சுவார்த்தை நடந்தது. செப்டம்பரில் கனிமங்களுக்காக ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு 50 கோடி டாலர் முதலீட்டுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம். பாகிஸ்தான் தரப்பில் அதில் கையெழுத்திட்டது எஃப்.டபிள்யூ.ஓ., ராணுவத்தின் கட்டுமானப் பிரிவு.

(தொடரும்)