முதல் நொடிக் கணக்கு

மணப்பாறை மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடிக் காளைக்கு விலை படிவதற்குள் இரண்டு பீடியாவது கரைந்துவிடும். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்லிவிடும் தரகருக்குத் தன் நுரையீரலின் வயது தெரியாது. அதைச் சொல்லவும் ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் ஸ்பைரோமீட்டர். நோயாளிகளின் பேச்சில் ‘ஊதுற டெஸ்ட்’.

லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-இல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்த பாத்திரம் ஒன்று. குழாயில் ஊத ஊத அது மேலே எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு காற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்தார் அவர். இன்று அந்தத் தொட்டி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, கணினியோடு இணைந்துவிட்டது.

சோதனை எளிது, ஆனால் மூச்சு வாங்கும். மூக்கில் கிளிப் மாட்டுவார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்” என்று பக்கத்தில் நிற்பவர் விரட்டிக்கொண்டே இருப்பார். குறைந்தது ஆறு நொடி. இப்படி மூன்று முறை.

கருவி இரண்டு அளவுகளைத் தருகிறது. மொத்தம் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பது ஒன்று. அதில் முதல் நொடியில் வந்தது எவ்வளவு என்பது இன்னொன்று. நல்ல நுரையீரலில் முக்கால் பங்குக் காற்று முதல் நொடியிலேயே வெளியேறிவிடும். அது 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மூச்சுக்குழல்கள் குறுகியிருக்கின்றன என்று பொருள். இன்ஹேலர் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். ஆஸ்துமாவாக இருந்தால் பெரும்பாலும் அளவு நன்றாக ஏறும். புகையால் வந்த அடைப்பு அவ்வளவாக அசைந்துகொடுக்காது.

ஏன் அடைகிறது? மூச்சுக்குழலின் உள்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்குகிறது. சளிச் சுரப்பிகளையும் பெருக்குகிறது. தள்ள ஆளில்லாமல் தேங்கிய சளிதான் விடிகாலை இருமலாக வருகிறது. ‘ஒரு பீடி இழுத்தாத்தான் சளி பிரியும்’ என்பார்கள். சளியைச் சேர்த்துவைத்ததே அந்தப் பீடிதான்.

அதற்கும் கீழே, கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள். அவற்றின் சுவரிலுள்ள மீள்நார்கள்தான் மூச்சு விடும்போது நுரையீரலைச் சுருக்கிக் காற்றை வெளியே தள்ளுகின்றன. புகை பட்டதும் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, நார்களை அரிக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்குகின்றன. அதைக் கட்டுப்படுத்தும் புரதம் ஒன்று உடலில் உண்டு. புகை அதையும் செயலிழக்கச் செய்கிறது. சுவர்கள் கிழிந்து, பல சிற்றறைகள் ஒரு பெரிய பையாகிவிடுகின்றன. உயிர்க்காற்று ரத்தத்தில் கலக்கும் பரப்பு குறைகிறது. உள்ளே போன காற்று வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. இப்படி அழிந்த அறைகள் திரும்ப முளைப்பதில்லை.

பீடியில் புகையிலை குறைவுதானே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குறைவுதான், சிகரெட்டில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆனால் பீடி இலை காற்றை உள்ளே விடாது. அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே இடம்பிடித்த திருச்சிச் சுருட்டின் சங்கதி வேறு. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. நிக்கோட்டின் வாயிலேயே ஊறிவிடுவதால் பலரும் நெஞ்சுவரை இழுப்பதில்லை. நுரையீரல் ஓரளவு தப்பலாம். வாயும் தொண்டையும் தப்புவதில்லை.

இனி ஒரு கணக்கு. புகைக்காதவருக்கும் வயதாக ஆக முதல் நொடிக் காற்று ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி லிட்டர் குறையும். புகை எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பாதிக்கப்படுபவருக்கு இழப்பு அதைப்போல் இரண்டு மடங்காகலாம். 25 வயதில் 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60 மில்லி வீதம் இழப்பவருக்கு 45-இல் 2.3 லிட்டர் மிஞ்சும். புகைக்காதவருக்கு 2.9 இருக்கும். இந்த வித்தியாசம் அன்றாட வேலையில் தெரியாது. நுரையீரலின் கையிருப்பு அவ்வளவு பெரிது. 60-இல் 1.4 ஆகும்போதுதான் மாடிப்படி மலையாகிறது. ‘வயசாயிடுச்சு’ என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

அவரே 45-இல் நிறுத்தினால்? போனது வராது, ஆனால் சரிவின் வேகம் இயல்புக்குத் திரும்பும். 60-இல் இருந்திருக்க வேண்டிய 1.4 லிட்டரை அவர் எட்டுவது 75-இல். பதினைந்து ஆண்டுகள் லாபம். இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும், தொடக்கநிலை அடைப்பு இருந்த புகைபிடிப்பவர்களைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், புகையை விட்ட ஆண்கள் ஆண்டுக்கு 30 மில்லியும் விடாதவர்கள் 66 மில்லியும் இழந்திருந்தார்கள்.

நம் மண்ணில் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி, டாக்டர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் 2003-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. புகை காயப்படுத்திய நுரையீரலில் காசநோய்க் கிருமிக்கு எதிர்ப்பு குறைவு.

நாற்பதைத் தாண்டி, பல வருடமாகப் புகைத்து, காலையில் சளியோடு இருமுகிறவர் மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேட்டு ஊதிப் பார்க்கலாம். விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்த பெண்களுக்கும் இது பொருந்தும். புகையிலையைத் தொடாமலே அவர்களுக்கும் இதே அடைப்பு வருவதுண்டு. விட நினைப்பவருக்கு உதவும் இலவசத் தொலைபேசி எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது.