வான்வழித் தூரமும் வணிகர் கணக்கும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டார வணிகர்களாகிய நமக்கு விமான நிலையம் பக்கத்து ஊர் போன்றது. மின்சார ரயிலில் ஏறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே நிலையம். சரக்கு வாங்கவும் விற்கவும் நம்மவர்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்வருவதும் புதிதல்ல. ஆயினும் தூரம், பயண நேரம், கடிகார நேரம் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நாளையும் பணத்தையும் இழப்போர் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் தூரம். சென்னைக்குத் தென்கிழக்கே உள்ள சிங்கப்பூரும் வடமேற்கே உள்ள துபாயும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான். சுமார் 2,900 கி.மீ. பூமி உருண்டையின் மேல் இரு ஊர்களுக்கும் இடையே நூல் பிடித்து அளந்தாற்போன்ற கணக்கு இது. விமானம் உண்மையில் பறக்கும் பாதை இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

அடுத்து பயண நேரம். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் செல்லும். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றரை மணி. ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊர்ந்து செல்லவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நாலு, நாலேகால் மணி ஆகும். காற்று எதிர்த்தால் நேரம் கூடும். பின்னிருந்து தள்ளினால் குறையும். ஆகவே போகும் நேரமும் திரும்பும் நேரமும் சமமாக இருப்பதில்லை.

மூன்றாவது கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. துபாய் ஒன்றரை மணி பின்னே. பயணம் நாலேகால் மணி என்று கொள்வோம். காலை 10 மணிக்குப் புறப்படுபவர் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே மாலை 4.45. துபாயிலோ பகல் 12.45. தூரம் ஒன்றுதான், ஆனால் ஒருவருக்கு அன்றைய வியாபாரப் பொழுது முடிந்துபோகிறது, மற்றவருக்கு அரைநாள் மிச்சம். டிக்கெட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரமே. இரவு 11.30க்குச் சிங்கப்பூர் புறப்படுபவர் இறங்குவது மறுநாள் காலை. விடுதி அறைக்குத் தேதி குறிக்கையில் இதை மறக்கலாகாது.

தொலைபேசிக்கும் இதே கணக்குத்தான். சிங்கப்பூரில் மாலை 5 மணிக்கு அலுவலகம் மூடினால் நமக்கு அது பகல் 2.30. துபாயில் காலை 9 மணிக்குத் திறந்தால் நமக்கு 10.30. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளியன்று அரைநாள் வேலை. பழைய வெள்ளிக்கிழமைக் கணக்கு இனி உதவாது.

சரக்கு அனுப்புவோர் எடையிலும் கவனம் வைக்கவேண்டும். விமானச் சரக்கில் 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கணக்கிடுவது வழக்கம். 60 × 50 × 40 செ.மீ. பெட்டி 20 கிலோ ஆகிறது. உள்ளே 8 கிலோ சரக்குத்தான் இருந்தாலும் கட்டணம் 20 கிலோவுக்கே. பெட்டியைச் சுருக்கினால் செலவும் சுருங்கும்.

விமானம் வந்துவிட்டது என்பதால் சரக்கு கடைக்கு வந்துவிட்டதாகாது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஏர்வே பில் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். சுங்கச் சோதனை முடியவேண்டும். தாமதமானால் கிடங்கில் டெமரேஜ் ஏறும். எனவே வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கும்போது விமானத்தின் நாலு மணியை நம்பாமல், கடையிலிருந்து கடைக்கு ஆகும் நாட்களைக் கணக்கிட்டுச் சொல்வோம். சொன்ன நாளில் சரக்கைக் கொடுப்பதே நம் தொழிலின் முதல்.