ஜாக்கெட் இல்லாமல் படகு நகரக் கூடாது

ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கூட்டம் கூடும். மேட்டூர் தண்ணீரோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ள, காவிரி, கொள்ளிடம், ஏரி குளமெல்லாம் நிறைகிற பருவம் அது. அதே சமயத்தில்தான் திருச்சிப் பள்ளிகளிலிருந்து சுற்றுலாச் சுற்றறிக்கைகளும் வீட்டுக்கு வரத் தொடங்கும். கொடைக்கானல், ஊட்டி, பிச்சாவரம் என்று எந்த ஊருக்குப் போனாலும் படகு சவாரி உண்டு. எந்த பஸ், எங்கே தங்கல், என்ன சாப்பாடு என்று பெற்றோர் துருவித் துருவிக் கேட்கிறோம். படகைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

2009 செப்டம்பர் 30, தேக்கடி. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததுதான் உடனடிக் காரணம். 2011 டிசம்பர் 25, பழவேற்காடு ஏரி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் அளவுக்கு மீறி ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார்கள். 22 பேர் உயிரோடு திரும்பவில்லை. 2024 ஜனவரி 18, குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரி. பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மூழ்கினார்கள். எதற்கும் புயல் காரணமில்லை. அதிக பாரம், அணியாத லைஃப் ஜாக்கெட், கணக்கில்லாத தலைகள் என்று மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே கதைதான். அத்தனையும் படகு புறப்படும் முன்பே, கரையில் நின்றபடியே கண்ணில் பட்டிருக்கக்கூடியவை.

விளையாட்டாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் இத்தகைய விபத்தைத் தடுக்க எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். திருச்சியில் அப்படிப்பட்ட கிளப் கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் உண்டு. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் கற்கத் தொடங்கிய நேத்ரா குமணன்தான், பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். சிறுவர்கள் பழகும் 'ஆப்டிமிஸ்ட்' படகின் நீளம் இரண்டே கால் மீட்டர் சொச்சம்தான். பலமாக ஒரு காற்று அடித்தால் போதும், கவிழ்ந்துவிடும். அதனால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொள்வதும் நிமிர்த்துவதும் ஆரம்பப் பாடத்திலேயே வந்துவிடும். ஒழுங்கான கிளப்பில் ஜாக்கெட் போடாத பிள்ளை தண்ணீர்ப் பக்கமே போக முடியாது. பயிற்சியாளரின் மோட்டார் படகு கூடவே வரும். போனவர்களின் பெயரும் திரும்பியவர்களின் பெயரும் சரிபார்க்கப்படும். ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்தாக வேண்டும் என்பது உலகப் பாய்மரப் போட்டி விதிகளில் முதல் விதி. குளிர்நாட்டு ஏரிகளில் மார்கழிக் குளிரிலும் போட்டி நடத்த முடிவது இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

நீந்தத் தெரிந்த பிள்ளைக்கே இவ்வளவு காவல் இருக்கிறது. டிக்கெட் வாங்கி ஏறுகிற, நீச்சலே அறியாத நம் பிள்ளைக்கு ஏன் இல்லை? இதைச் சலுகையாகக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. நாம் காசு கொடுத்து வாங்கும் சேவையில் பாதுகாப்பும் அடக்கம்.

ஜாக்கெட் என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்றே பல படகுத்துறைகளில் நினைக்கிறார்கள். வாங்கியதும் ஒரு நிமிடம் புரட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் நுரை நசுங்கித் தட்டையாகி இருந்தால் அது மிதக்க வைக்காது. கொக்கிகளை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். உடைந்த கொக்கிக்குப் பதில் கயிறு முடிந்திருந்தால் வேறு கேளுங்கள். பிள்ளைக்கு மாட்டி எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின் தோள்பட்டைப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரியவர் அளவு. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதிலிருந்து கீழே நழுவிவிடும். சிறு குழந்தைக்குக் கால்களுக்கிடையே மாட்டும் பட்டையும் வேண்டும். மடியில் வைத்துக்கொள்வதும் சீட்டுக்கு அடியில் போடுவதும் போடாததற்குச் சமம். "எனக்கு நீச்சல் தெரியும்" என்கிற பெரியவரும் மாட்டிக்கொள்ளட்டும். கொடைக்கானல், ஊட்டி ஏரிகளின் டிசம்பர்க் குளிர்நீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு வாங்கித் திணறும். அந்த முதல் மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போகலாம். சற்று நேரத்தில் கைகால் மரத்து, தெரிந்த நீச்சலும் உதவாது.

ஏறும் முன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம், பதிவும் ஆய்வுச் சான்றும் இருக்கின்றனவா, ஓட்டுகிறவருக்கு உரிமம் உண்டா, கவிழ்ந்தால் எந்தப் படகு வரும்? உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, இயந்திரப் படகுக்குப் பதிவு, ஆய்வு, ஓட்டுநர் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. துடுப்புப் படகு, பரிசல் போன்றவற்றுக்கும் அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2017-ல் படகுப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதில் திருப்தியாக இல்லையென்றால் ஏறாதீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பள்ளிச் சுற்றுலா என்றால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: "அளவான லைஃப் ஜாக்கெட் அணிவித்தால் மட்டுமே என் பிள்ளை படகில் ஏறலாம்." எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "நேரும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்த வாசகத்தைப் பார்த்து மிரள வேண்டாம். பள்ளியானாலும் படகுத்துறையானாலும் கவனக்குறைவு நிரூபணமானால் அந்த ஒற்றை வரி அவர்களைக் காப்பாற்றிவிடாது.

திருச்சிக்காரர்கள் உள்ளூர் ஆற்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்ரீரங்கம் ஒரு தீவு. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் வெள்ளநீரை வாங்கிக்கொள்கிறது. ஆர்தர் காட்டன் 1830-களில் அங்கே கட்டிய மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்ததை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே ஒரு பொட்டு மழை இல்லாமலே மேட்டூரில் திறந்த நீர் வந்து சேரும். காலையில் முழங்கால் அளவு நின்ற இடத்தில் மாலையில் ஆள் மூழ்கலாம். கதவணை, ஷட்டர்களுக்குக் கீழே விழும் நீர் சுருண்டு அணையை நோக்கியே திரும்பும். அதில் சிக்கியவர் எவ்வளவு நல்ல நீச்சல்காரரானாலும் வெளியே வருவது கடினம். அந்தப் பகுதியில் பரிசலில் போவதும் இறங்கிக் குளிப்பதும் வேண்டவே வேண்டாம்.

நாம் கரையில் நிற்கும்போது நீரில் ஒருவர் தத்தளித்தால் மனம் குதிக்கத் துடிக்கும். பயிற்சி இல்லாதவர் குதித்தால் மூழ்குகிறவர் அவரையும் சேர்த்து அமுக்கிவிடுவார். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில், 2020 ஆகஸ்டில், கொட்டரை அணைத் தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கத் தொடங்கினார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து நீரில் வீசி இருவரைக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. சேலை, வேட்டி, கயிறு, காலிப் பிளாஸ்டிக் குடம், மூடிய தண்ணீர்க் கேன், எது கைக்குக் கிடைத்தாலும் வீசலாம். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் பழைய பழக்கம். அதனால் போவது நேரம்தான். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு 30 மார்பு அழுத்தம், 2 ஊதல் என்று 108 ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் தொடர வேண்டும். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த்தான் ஆக வேண்டும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரும். போலீஸ் கேஸ் என்று சொல்லி முதல் சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்க முடியாது. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விபத்து நடந்துவிட்டால் முதலில் போலீஸ் புகார். வெளியூரில் நடந்ததென்றாலும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-வது பிரிவு, பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மீறி ஏற்றிய படகில் கூலிக்கு ஆளேற்றுவதைக் குற்றம் என்கிறது. உயிர் போயிருந்தால் 106-வது பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. யாருக்கும் காயமே இல்லாவிட்டாலும் 284-ல் புகார் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றம். இதில் நமக்குச் சாதகமான விஷயங்கள் நிறைய உள்ளன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி எங்கே விபத்து நடந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடைக்கானல் விபத்துக்குத் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டாம். எந்த ஆணையம், எவ்வளவு மனுக் கட்டணம் என்பதை முடிவு செய்வது நாம் கேட்கும் இழப்பீடு அல்ல, நாம் சவாரிக்குக் கொடுத்த காசு. டிக்கெட் இருநூறு ரூபாய்தான் என்றால், கேட்பது பல லட்சமானாலும் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் மனு கொடுக்கலாம். பிள்ளைக்காகப் பெற்றோரும், இறந்தவருக்காக வாரிசும் கேட்கலாம். கெடு 2 ஆண்டு. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இலவசமாக ஏற்றிய சவாரிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆகவே டிக்கெட்டை வீசிவிடாதீர்கள். போனில் ஒரு படம் எடுத்தால் போதும். கூடவே படகின் பெயர், எண், ஏறியவர்கள் கூட்டம், ஜாக்கெட்டின் நிலை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வழிகாட்ட 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சட்ட உதவிக்கு 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

விபத்து நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பகுதி ஏரியிலோ ஆற்றிலோ காசு வாங்கிப் படகு விட்டால், யார் அனுமதி கொடுத்தது, கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது, எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை ஜாக்கெட் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலையும் நீங்கள் எடுத்த படங்களையும் இணைத்து, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறைக்குள் பதில் கையில் இருக்க வேண்டுமானால் ஐப்பசியிலேயே எழுதிப் போட்டுவிட வேண்டும்.