முப்பதுக்கு நாற்பது

வீடு கட்ட ஒரு துண்டு நிலம் தேடிப் பெங்களூரைச் சுற்றி மூன்று ஆண்டுகள் அலைந்த ஒரு குடும்பத்தின் அனுபவம். நிலத்தைக் காட்ட எத்தனையோ பேர் வருகிறார்கள். அது யாருடையது என்று உறுதியாகச் சொல்ல அரசாங்கம்கூட முன்வருவதில்லை.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று சொல்லிவைத்தவருக்கு மனை முன்பே கைவசம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பழமொழியில் மூன்றாவதாக ஒரு ‘பார்’ சேர்ந்திருக்கும்.

எங்கள் தேடல் 2022-ன் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அல்சூரில் வாடகை வீடு. அப்பாவுக்கு அப்போது 71 வயது. பொதுத்துறைத் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணை மூடுவதற்குள் சொந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய பி.எஃப். பணத்தில் மிச்சம் இருந்தது, என் மனைவியின் நகைகள், வங்கி தருவதாகச் சொன்ன கடன் எல்லாம் சேர்ந்தால் நகரத்தின் விளிம்பில் முப்பதுக்கு நாற்பதடியில் ஒரு சைட் வாங்கலாம் என்று கணக்குப் போட்டோம். பெங்களூர்த் தமிழில் மனை என்ற சொல் புழக்கத்தில் இல்லை, எல்லாம் சைட்தான். 1,200 சதுர அடி. சென்னைக் கணக்கில் அரை கிரவுண்டு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தரகர் வருவார். எங்காவது ஒரு செம்மண் பாதையில் கொண்டுபோய் நிறுத்துவார். நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கற்கள். “கிழக்குப் பார்த்த சைட். பேப்பர் எல்லாம் பக்கா சார்” என்பார். இந்த ‘பக்கா’வுக்குப் பொருள் புரிய எங்களுக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

பத்திரம் வேறு, உரிமை வேறு

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் நம்முடையது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாவது ஆவணம் மட்டுமே, உரிமை அல்ல. இன்னார் இன்னாருக்கு இந்த நிலத்தை விற்றதாக ஒரு காகிதம் எழுதப்பட்டது என்பதற்கு அரசு சாட்சி. விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இருந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது வாங்குபவர் பாடு.

மூலப் பத்திரத்தைக் காட்டாதவரின் பத்திரத்தைப் பதிய மறுக்கலாம் என்று தமிழ்நாட்டில் ஒரு விதி இருந்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அதைச் செல்லாது என்றது. விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரத்தை 1908-ம் ஆண்டுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்பதே காரணம். அதே ஆண்டு நவம்பரில் பிகார் வழக்கொன்றில், பதிவுக்கும் உரிமைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி, அதைப் போக்கும் வழிகளை ஆராயும்படி சட்ட ஆணையத்தை நீதிமன்றம் கேட்டுக்கொண்டது.

உரிமையையே பதிவுசெய்து அதற்கு அரசே உத்தரவாதம் தரும் முறை புதிதல்ல. தெற்கு ஆஸ்திரேலியா 1858-லேயே அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசம் 2022-ல் அந்த வழியில் ஒரு சட்டம் இயற்றியது. ‘உங்கள் நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள்’ என்று அது தேர்தல் பிரச்சினையாகி, 2024-ல் வந்த புதிய அரசு அதை ரத்து செய்துவிட்டது. ஆக, நிலம் வாங்கும் ஒவ்வொரு இந்தியரும் தனக்குத் தானே துப்பறிவாளர்.

துப்புத் துலக்குவதற்குக் கிடைக்கும் தடயங்கள் ஊருக்கு ஊர் வேறு பெயரில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல். கர்நாடகத்தில் பஹணி, கத்தா. பஹணி என்பது விவசாய நிலத்தின் பதிவேடு. கத்தா என்பது நகராட்சி அமைப்பின் சொத்துவரிக் கணக்கு. வரி யார் பெயரில் கட்டப்படுகிறது என்பதை மட்டுமே கத்தா காட்டும். அதிலும் இரண்டு ரகம். முறையான மனைகளுக்கு ஏ கத்தா. விதிகளை மீறி உருவான மனைகளிடமும் வரி வசூலிக்க வேண்டுமே என்பதற்காகத் திறந்த பதிவேடு பி கத்தா. விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமல் துண்டு போட்டு விற்ற ‘ரெவின்யூ சைட்’டுகள் பெரும்பாலும் இதில் அடக்கம். 2024 அக்டோபரில் பெங்களூரில் பத்திரப் பதிவுக்கு இ-கத்தா கட்டாயமாயிற்று. 2025-ல் பி கத்தாவை ஏ கத்தாவாக மாற்றித் தரும் திட்டத்தையும் மாநில அரசு அறிவித்தது. இவையெல்லாம் வரிக் கணக்கை ஒழுங்குபடுத்தும். விற்பவர் சொந்தக்காரர்தானா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

ஓடையின் மேல் ஒரு சைட்

நாங்கள் முதலில் ஆசைப்பட்ட சைட் நகரத்தின் கிழக்கே இருந்தது. விலை சகாயம். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வக்கீல் பஹணியைப் பார்த்தார். மொத்தப் பரப்பில் சில குண்ட்டாக்கள் ‘கராப்’ என்று குறிக்கப்பட்டிருந்தன. 40 குண்ட்டா சேர்ந்தால் ஓர் ஏக்கர். கராப் என்றால் பயிரிட முடியாத இடம். அதில் ‘பி’ வகை என்பது பாதை, ஓடை, வாய்க்கால் போன்ற பொதுச் சொத்து. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தை வாங்கிச் சர்வே எண்ணின் மேல் வைத்துப் பார்த்தபோது, எங்கள் சைட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் ஓடின. ராஜகாலுவே. ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் பெருவாய்க்கால்.

“அதெல்லாம் பழைய மேப் சார். இப்ப அங்க தண்ணியே கிடையாது” என்றார் தரகர். 2022 செப்டம்பரில் பெய்த மழையில் கிழக்குப் பெங்களூரே மிதந்தது. பல கோடி ரூபாய் வில்லாக்களில் இருந்தவர்கள் டிராக்டரிலும் படகிலும் வெளியேறினார்கள். பழைய மேப் தண்ணீருக்கு நன்றாக நினைவிருந்தது.

பெங்களூருக்கு இது புதிதல்ல. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்குமிடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி. ஆனால் ஏரியில் அரசு கட்டினால் நிலையம், தனியார் கட்டினால் ஆக்கிரமிப்பு. 2024 ஜூலையில் ஹைதராபாதில் தொடங்கப்பட்ட ‘ஹைட்ரா’ அமைப்பு ஏரி எல்லைக்குள் இருந்த கட்டடங்களை இடிக்கத் தொடங்கியபோது, பதிவுசெய்த பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் தெருவில் நின்றார்கள்.

அக்காவின் கையெழுத்து

இரண்டாவது சைட் 2023-ல் கிடைத்தது. ஓடை இல்லை, கராப் இல்லை. 2009-ல் மூன்று சகோதரர்கள் தங்கள் பூர்வீக நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் தன் பங்கை லேஅவுட் போட்டிருந்தார். கர்நாடகத்தில் ‘வம்ச விருட்சம்’ என்று ஒரு சான்று உண்டு. ஒரு குடும்பத்தின் கிளைகளை வரைந்து காட்டுவது. அதில் மூன்று ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். ஊர் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தபோதுதான் கோலார் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா ஒருவர் இருப்பது தெரிந்தது.

2005-ல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அக்காவின் கையெழுத்து வாங்கித் தரும்படி கேட்டோம். “கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சு, இனி எதுக்கு அவங்க?” என்று பதில் வந்தது. நாங்கள் திரும்பிவிட்டோம். கையெழுத்துக் கேட்காத வேறு யாரோ அந்தச் சைட்டை வாங்கிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

யாருக்குக் கொடுத்த நிலம்?

மூன்றாவது சைட்தான் எங்களை உலுக்கியது. வடக்கே, விமான நிலையம் போகும் திசையில். சுற்றுவட்டார விலையைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. ஏற்கெனவே வீடுகள் எழும்பியிருந்தன. 30 ஆண்டு வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. அப்பாவுக்கு இடம் மிகவும் பிடித்துப்போனது. அவசரப்பட்டு 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம்.

வக்கீல் மட்டும் திருப்தி அடையவில்லை. வில்லங்கச் சான்று என்பது பதிவான பரிமாற்றங்களின் பட்டியல். பதிவு அலுவலகத்துக்கு வராத எதுவும் அதில் இருக்காது. பதியாத உயில் இருக்காது. நிலுவையில் உள்ள வழக்கு இருக்காது. அரசே கொடுத்த நிலமானால் அந்த ஆணை தாலுகா அலுவலகத்தில்தான் தூங்கும். அவர் பழைய மியூட்டேஷன் பதிவேட்டின் நகலுக்கு மனுப்போட்டார். ஒரு மாதம் கழித்து வந்த நகலில் ஒரு சொல் இருந்தது: தர்காஸ்து. அந்த நிலம் 1970-களில் அரசு ஒரு தலித் குடும்பத்துக்கு வழங்கியது. கூடவே, விற்கக் கூடாது என்ற நிபந்தனை.

தமிழ் வாசகர்கள் பஞ்சமி நிலத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். இப்படி வழங்கிய நிலங்கள் கடனுக்கும் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அற்ப விலைக்குக் கைமாறியதைத் தடுக்கக் கர்நாடகம் 1978-ல் ஒரு சட்டம் இயற்றியது. நிபந்தனையை மீறியோ அரசின் முன் அனுமதி இல்லாமலோ நடந்த விற்பனை செல்லாது. உதவி ஆணையர் நிலத்தை மீட்டு, முதலில் பெற்றவருக்கோ அவரது வாரிசுகளுக்கோ திருப்பித் தரலாம். இச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் தீர்ப்பளித்தது. நியாயமான காலத்துக்குள் மனுச்செய்ய வேண்டும் என்று 2017-ல் அதே நீதிமன்றம் சொன்னது. 2023-ல் மாநில அரசு சட்டத்தைத் திருத்தி அந்தக் காலவரம்பை நீக்கிவிட்டது.

எனக்கு இரண்டு நாள் சபலம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வீடுகள் எழும்பிவிட்டன, எங்கள் வீடு மட்டும் என்ன பாவம் செய்தது? தரகர் வேறு ஒரு யோசனை சொன்னார். அந்தக் குடும்பம் அதே ஊரில் கடைசித் தெருவில்தான் இருக்கிறதாம். ஏதாவது கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார்களாம்.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவங்க கேஸ் போட்டா ஜெயிப்பாங்களா?” என்று கேட்டார்.

“ஜெயிக்கலாம்ப்பா.”

“அவங்க ஜெயிக்கணும்னுதானே சட்டமே போட்டிருக்காங்க. அப்புறம் நாம எதுக்கு அங்க போய் நிக்கணும்?”

அவ்வளவுதான். 50,000-ல் 30,000 திரும்பி வந்தது. மீதிக்காக ஆறு மாதம் தொலைபேசியில் பேசிப் பார்த்து விட்டுவிட்டேன்.

சட்டத்தின் தொல்லை என்று அதுவரை நான் நினைத்தவை எல்லாம் அதன் பிறகு வேறு மாதிரி தெரிந்தன. ஓடையும் அக்காவின் கையெழுத்தும் தர்காஸ்தும் காகிதச் சிக்கல்கள் அல்ல. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு பங்கு விடுபட்டிருந்தது. ஊருக்குச் சேர வேண்டிய பங்கு, ஒரு பெண்ணின் பங்கு, நிலமே இல்லாமல் இருந்தவர்களுக்குக் கிடைத்த ஒரே பங்கு. மலிவாகக் கிடைக்கும் மனையில் அந்த மலிவை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

இருபதுக்கு முப்பது

2025-ல் ஒருவழியாக வாங்கிவிட்டோம். நகர வளர்ச்சி ஆணையம் பல ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கிய லேஅவுட்டில் கைமாறி வந்த ஒரு சைட். நிலத்தைக் கையகப்படுத்தியது, ஒதுக்கியது, குத்தகை-விற்பனை ஒப்பந்தம், பிறகு முழு விற்பனைப் பத்திரம் என்று சங்கிலி சிறியது, கண்ணிகள் தெளிவானவை. இதுவும் எப்போதும் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. 2003-04-ல் அறிவிக்கப்பட்ட அர்க்காவதி லேஅவுட்டின் நில எடுப்பு வழக்கு 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த பிறகும், ஒதுக்கீடு பெற்ற பலர் மனைக்காகக் காத்துக்கிடந்தார்கள். அதனால் இதற்கும் வக்கீல் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

கையில் இருந்த பணத்துக்கு முப்பதுக்கு நாற்பது கிடைக்கவில்லை. இருபதுக்கு முப்பதுதான், 600 சதுர அடி. அப்பா நான்கு மூலைக் கற்களையும் சுற்றி வந்தார். முருங்கைக்கு இடம் இல்லை, நாற்காலி போட இடம் இருக்கிறது என்றார். பத்திரங்கள் இருக்கும் கோப்பை மனைவி பீரோவில் நகை இருந்த இடத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

இனி வீடு கட்ட வேண்டும். பழமொழி எங்களுக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது.